ஆரப்பாளையம் நாய்கள் சார்பாக ஒரு பிளெக்ஸ்

வைகையைச் சுத்தம் செய்வதென்று அரசாங்கம் முடிவெடுத்தபோது முனீஸ்வரியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வேண்டாமென்று சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கலாம்.

முதலில் மண் அள்ளும் இயந்திரங்கள் வந்தன. ஆற்றை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் மலைபோலக் குவித்தன. அப்புறம் கரையோரம் சுவர் எழுந்தது. சுவரில் மீன் வரைந்தார்கள், கொக்கு வரைந்தார்கள். ஆற்றுக்குள் இல்லாததெல்லாம் சுவரில் இருந்தது. கடைசியாக, 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று ஒரு பலகை நட்டார்கள். அதுவரை எந்த இடத்தில் கொட்டுவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு அந்தப் பலகை பெரிய ஒத்தாசையாகப் போயிற்று.

பலகை சொன்னால் கேட்கமாட்டார்கள், ஆள் சொன்னால் கேட்பார்கள் என்று யாரோ யோசித்து, கரைக்குக் காவலாட்கள் போட்டார்கள். அப்படித்தான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆற்றுத்துண்டு முனீஸ்வரி கைக்கு வந்து சேர்ந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை கொடுத்தார்கள்; அதற்குள் இன்னொரு முனீஸ்வரி தாராளமாகக் குடியிருக்கலாம். கூடவே ஒரு விசில். யார் கையில் விசிலைக் கொடுக்கிறோம் என்று பாவம், அரசாங்கத்துக்குத் தெரியாது.

உசிலம்பட்டிப் பக்கம் அவள் பிறந்த ஊரில் போய்க் கேட்டால் சொல்வார்கள். எட்டாம் வகுப்பில், கணக்கு வாத்தியார் பரீட்சைத் தாளைப் பிரிக்கிற நேரம் பார்த்துப் பள்ளிக்கூட மணியை அடித்து, மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்கு அனுப்பியவள். அதோடு அவள் படிப்பும் வீட்டுக்குப் போனது. டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது பஸ்ஸின் பெயர்ப்பலகையை மாற்றிவைத்து, ஆண்டிபட்டிச் சந்தைக்குப் போகவேண்டிய கூட்டத்தைத் திருமங்கலம் பார்க்கவைத்தவள்.

அடி மட்டும் அவளுக்கு விழுந்ததே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், செல்வக்குமார். பஞ்சாயத்து கூடும் முன்பே அவன் போய், "நான்தான் செஞ்சேன்" என்று முன்னால் நிற்பான். முதுகில் விழும். தடவிக்கொண்டே திரும்பி வந்து, "ஏத்தா, அடுத்த தடவ எதுனாச்சும் செய்யறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லு. ரெண்டு சட்ட போட்டுக்கிட்டு வாரேன்" என்பான்.

முனீஸ்வரியின் கல்யாணத்தன்று பொண்ணைவிட அதிகமாக அழுததும் அவன்தான். இப்போது அந்த அண்ணனுக்கு ஆரப்பாளையத்தில் பிராய்லர் கோழிக்கடை. தங்கச்சியும் அதே பக்கம் குடிவந்துவிட்டாள். அவள் புருஷன் லாரியில் வடக்கே போனால் மாதம் கழித்துத்தான் முகம் காட்டுவான். மகனுக்கு மூன்று வயது. குலசாமி பெயரையே வைத்ததில் பேயாண்டி. பெயருக்குக் குறை வைக்காத பிள்ளை.

பேயாண்டிக்குக் காது குத்த வேண்டும். மாசியில் குலசாமி கோயிலில் என்று நாளும் குறித்தாகிவிட்டது. அவர்கள் பக்கத்தில் காதுகுத்தென்றால் தாய்மாமன்தான் எல்லாம். மாமன் சீர்த்தட்டோடும் கிடாயோடும் மேளத்தோடும் வருவான். பிள்ளையைத் தன் மடியில் உட்காரவைப்பான். அந்த மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். வேறு மடி செல்லாது. மாமன் முறுக்கிக்கொண்டதால், மீசை முளைத்தும் காது மூளியாகவே திரிந்த ஆட்கள் ஊரில் உண்டு. பேயாண்டிக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு மடி, செல்வக்குமார் மடி.

இது இப்படி இருக்க, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் முனீஸ்வரியின் ஆற்றுத்துண்டில் ஒரு அதிசயம் நடந்தது. ஊரே கறிக்குழம்பைத் தின்றுவிட்டுக் குப்புறக் கிடக்கிற மத்தியான நேரத்தில் யாரோ வந்து கோழிக்குடலும் இறக்கையுமாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். அவள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் கரை முழுக்க வெள்ளை இறக்கை, தலையணை வெடித்ததுபோல. வீச்சத்தில் சுவரில் வரைந்த கொக்குகூட மூக்கைப் பொத்தும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிடப் போகவில்லை. ஆகாயத்தாமரைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள். முதலில் வந்தது ஆளில்லை, நாய்கள். ஒத்தக்காதன், செவலை, நொண்டி என்று அந்தத் தெருவின் நாய் அத்தனையும் மந்திரிக்குப் பாதுகாப்பு வருவதுபோல ஓடி வந்தன. நடுவில் ஒரு மொபெட், பின்னால் நீல டிரம். ஓட்டி வந்தது செல்வக்குமார்.

முனீஸ்வரி எழுந்து நின்றாள். ஓடுவான் என்று பார்த்தாள். அவன் பல்லைக் காட்டினான்.

"ஏத்தா, இங்கயா இருக்க? சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. நீ என்ன பண்ற?"

"வேல பாக்குறேன். கொஞ்சம் தள்ளு, சேலையில தெறிக்கும்." டிரம்மைச் சாய்த்துவிட்டான். நாய்கள் பாய்ந்தன.

"அண்ணே! இத தடுக்கத்தான என்னைய இங்க நிப்பாட்டிருக்காக!"

"அதனாலதான இங்க வாரேன்" என்றான் செல்வக்குமார் வெள்ளை மனதோடு. "முன்ன எல்லாம் எம்புட்டுத் தூரம் போயிக் கொட்டணும் தெரியுமா? பயந்து பயந்து. இப்பத்தான் நம்ம புள்ள காவலுக்கு நிக்குதே. நம்ம இடம்."

அவனிடம் கள்ளமே இல்லை. தங்கச்சி ரேஷன் கடையில் இருந்தால் நல்ல அரிசி கிடைக்கும், பஸ் ஸ்டாண்டில் இருந்தால் உட்கார இடம் கிடைக்கும், ஆற்றங்கரையில் இருந்தால் கொட்ட இடம் கிடைக்கும். இதில் என்ன தப்பு?

"அழகர் மேல தண்ணி பீய்ச்சுற ஆளுண்ணே நீ" என்றாள் முனீஸ்வரி. வருஷம் தவறாமல் சித்திரைத் திருவிழாவில் வேஷம் கட்டி, தோல்பையோடு போய் நிற்பவன் அவன். அழகர் இறங்குகிற இடம் அங்கிருந்து கீழேதான் இருக்கிறது. "இம்புட்டும் மெதந்து அங்கதான போகும்?"

"அது சித்திரையில. இது தை. அதுக்குள்ள அணையத் தொறந்து விட்டாய்ங்கன்னா எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிரும்."

"கறிக்கடைக் கழிவுக்குன்னு தனி வண்டி வருதுல்ல, அதுல போட்டா என்ன?"

"அவன் வர்றப்ப எனக்கு யாவாரம். எனக்கு ஓய்ஞ்சப்ப அவன் போயிர்றான். எங்க ரெண்டு பேருக்கும் பொருத்தமே இல்ல."

அவள் விசிலை எடுத்து வாயில் வைத்தாள். செல்வக்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊது, ஊது. காதுகுத்துக்கு மேளம் சொல்லணுமேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." வண்டியைக் கிளப்பியவன், திரும்பிப் பார்த்து விளையாட்டாகச் சொன்னான்: "மடி குடுக்குற மாமன்கிட்டயே அபராதம் வாங்கிறாத புள்ள. மடி சுருங்கிப் போகும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் விசில் அவள் வாயில் ஊதாமலே இருந்தது.

மறுநாள் மேற்பார்வையாளர் பீமாராவ் வந்தார். நல்ல மனிதர். கையில் கிடைத்த எதையும் படிக்காமல் விடமாட்டார். வடை மடித்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் வடையைத் தின்பார். சுத்த சைவம். கறிக்கடைத் தெருவில் கால் வைக்கமாட்டார், சுற்றிக்கொண்டுதான் வருவார். இறக்கையைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்.

"ஏம்மா, யாரு இது?"

"மூஞ்சியில துண்டு கட்டிருந்தான் சார்."

"வண்டி?"

"வண்டிக்கும் துண்டு கட்டிருந்தான் சார்."

பீமாராவ் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "மேலதிகாரிங்க பாக்க வர்றாங்க. அதுக்குள்ள ஆளப் பிடிச்சுக் குடு. இல்லன்னா இந்த எடத்துக்கு வேற ஆள் போடச் சொல்லுவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பெயரைச் சொன்னால் மடி போச்சு. சொல்லாவிட்டால் ஆறும் போச்சு, வேலையும் போச்சு. தன் பெயர் வெளியே வராமல் அண்ணனுக்கு உறைக்கவேண்டும். இந்த மாதிரி நேரத்தில் நல்ல பிள்ளைகள் சாமி கும்பிடும். முனீஸ்வரி பிளெக்ஸ் கடைக்குப் போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முத்துக்குமரனின் பிளெக்ஸ் கடை. பிறந்தநாளா, காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா, மதுரையில் எது நடந்தாலும் அது முதலில் முத்துக்குமரனின் கம்ப்யூட்டரில்தான் நடக்கும். அவள் தன் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோவை நீட்டினாள். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து நிற்கிற படம்.

"உங்கள வெட்டிரலாம்க்கா. ஆனா இவருக்குக் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே?"

"அழுதுக்கிட்டு இருந்தாரு."

"கூலிங் கிளாஸ் போட்டு விட்டுருவோம். கெத்தா இருக்கும்." கண்ணாடி ஏறியது. அவளை வெட்டி எடுத்தபோது, அண்ணன் தோளில் கிடந்த அவள் கை மட்டும் வளையலோடு மிச்சமாக நின்றுவிட்டது. "பரவாயில்லக்கா, யாரும் பாக்கமாட்டாக. வாசகத்தச் சொல்லுங்க."

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். 'வாரம் தவறாமல் கோழிக்குடலையும் இறக்கையையும் வைகை ஆற்றில் கொட்டி, அழகர் வரும் பாதையை நாறடிக்கும் அண்ணன் செல்வக்குமார் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம். இவண், பாசமிகு தம்பிகள், ஆரப்பாளையம் நாய்கள்.' கீழே வரிசையாகப் போடுவதற்கு ஒத்தக்காதன், செவலை, நொண்டி மூவரின் போட்டோவையும் போனில் எடுத்து வந்திருந்தாள். ஒத்தக்காதன் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தான்.

முத்துக்குமரன் கை தட்டச்சு செய்தது; மனசு கலரில் இருந்தது. "பின்னால சிங்கம் வேணுமாக்கா, புலி வேணுமா?"

"கோழி இருக்கா?"

"சேவல் இருக்கு."

அண்ணனின் கறிக்கடைக்கு நேர் எதிரே, மின்கம்பத்தில் பிளெக்ஸ் ஏறியது. விடிந்ததும் அண்ணன் பார்ப்பான், கூனிக் குறுகிப் போவான், ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்துவிட்டுத் திருந்துவான். இதுதான் முனீஸ்வரி போட்ட கணக்கு. கணக்கு அவளுக்கு எட்டாம் வகுப்பிலேயே வரவில்லை.

ஏனென்றால் மதுரையில் பிளெக்ஸை யாரும் படிப்பதில்லை. பார்ப்பார்கள். யார் படம் பெரிது, யார் படத்துக்குப் பக்கத்தில் யார் படம், கண்ணாடி போட்டிருக்கிறாரா, பின்னால் என்ன மிருகம், அவ்வளவுதான். எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தானே இருக்கும், யாருக்கு நேரம்?

செல்வக்குமார் கடையைத் திறந்தான், தலையைத் தூக்கினான், கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். தன் முகத்தை இவ்வளவு பெரிதாக அவன் கண்டதே இல்லை. தெருவில் உள்ளவனுக்கெல்லாம் டீ சொன்னான்.

"எந்தத் தம்பிக வச்சாய்ங்கன்னே தெரியல புள்ள" என்றான் தங்கச்சியிடம், கண் கலங்க. "சொல்லாமச் செஞ்சிருக்காய்ங்க பாரு. நாயெல்லாம் போட்டு, சேவல் போட்டு... நம்மளையும் நாலு பேரு நெனைக்கத்தான் செய்றாக."

"எழுதியிருக்கத படிச்சியாண்ணே?"

"என்னத்த எழுதியிருக்கப் போறாய்ங்க. வாழ்த்தி வணங்குகிறோம்."

படித்த ஒன்றிரண்டு பேர் சிரித்துக்கொண்டே போனார்கள். அதை அவன் பாசம் என்று எடுத்துக்கொண்டான். கவுன்சிலர் தேர்தல் எப்போது வரும் என்று வேறு விசாரிக்க ஆரம்பித்தான். கோழிக்குடல் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போனது, முன்னைவிடக் கம்பீரமாக.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காதுகுத்துக்கு முந்தின வாரம் அவன் ஓடி வந்து சொன்னதைத்தான் முனீஸ்வரியால் பொறுக்க முடியவில்லை.

"முத்துக்குமரனப் பாத்துட்டு வாரேன். யாரு அடிக்கச் சொன்னான்னு கேட்டா, ஆயிரம் பேரு வாராக, ஞாபகமில்லங்கிறான். அதே டிசைன், ரெண்டு மடங்கு பெருசு. கோயில் வாசல்ல கட்டுறோம். ஒரு எழுத்த மாத்தக் கூடாதுன்டேன். மேல மட்டும் 'காதணி விழா'ன்னு சேத்துக்கச் சொல்லிருக்கேன்."

சொந்தபந்தம் அத்தனையும் கூடுகிற இடம். ஒருத்தன், ஒரே ஒருத்தன் வாய்விட்டுப் படித்தால் போதும். சபையில் அண்ணன் தலை குனிவான்; மடி எழுந்து போய்விடும்.

விழா அன்று காலையில் முதல் ஆளாகக் கோயிலுக்குப் போனவள் அவள்தான். பிளெக்ஸ் தென்னை உயரத்துக்கு நின்றது; எழுத்து மட்டும் கைக்கெட்டும் உயரத்தில். எழுத்து இருந்த இடமாகப் பார்த்து மாவிலைத் தோரணத்தை நெருக்கி நெருக்கிக் கட்டினாள். அது போதாதென்று வாழைமரம் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாள். "இம்புட்டுத் தோரணமா?" என்று அண்ணன் பெண்டாட்டி மதினி கேட்டதற்கு, "எம்மகனுக்கு ஒரு தடவதான மதினி காது குத்துறோம்" என்று சொல்லிச் சமாளித்தாள். நாய்களும் சேவலும் அண்ணனும் மட்டும் வெளியே தெரிந்தார்கள். மூச்சு வந்தது.

மேளம் அதிர, வெடி வெடிக்க, மாமன் சீர் வந்தது. தட்டுத் தட்டாகப் பழம், புதுத்துணி, மாலை. கொழுத்த கிடா ஒன்று. அதைக் கொண்டுபோய் எங்கே கட்டினார்கள்? அந்த வாழைமரத்தில். முனீஸ்வரி பேயாண்டிக்கு மொட்டை போட்டுக் குளிப்பாட்டித் திரும்பி வருவதற்குள் கிடா வாழையிலையை முடித்து, பின்னங்காலில் நின்று மாவிலையையும் முடித்திருந்தது. சாகப்போகிற நேரத்திலும் அப்படி ஒரு பசி.

கோழிக்குடல் என்ற சொல் கோயில் வாசலில் பளிச்சென்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பீமாராவ் வந்து இறங்கினார். லீவு கேட்டபோது மரியாதைக்கு வைத்த அழைப்பு. மனிதர் அதையும் மதித்து, பேயாண்டிக்கு ஒரு பொம்மை பஸ்ஸோடு வந்துவிட்டார். கிடாயை வெட்டுவதற்கு அவிழ்த்தார்கள். சைவக்காரர் அதைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம் பிளெக்ஸ். எதையும் படிக்காமல் விடாத மனிதர், முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.

செல்வக்குமார் அப்போதுதான் பட்டுத்துண்டு போட்டு, பேயாண்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்! நம்ம பிளெக்ஸப் பாத்தீங்களா?" என்றான் செல்வக்குமார் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"படிச்சேன்" என்றார் பீமாராவ். "முனீஸ்வரி, மூஞ்சியில துண்டு கட்டுன ஆளு கூலிங் கிளாஸ்ல இருக்காரு போல."

"என்ன சார் சொல்றீங்க?" என்றான் செல்வக்குமார்.

"நீங்களே படிங்களேன்."

செல்வக்குமார் படித்தான். உதடு அசைந்து அசைந்து, எழுத்துக் கூட்டி. அவன் படிப்பதைப் பார்த்து மதினி படித்தாள். மதினியைப் பார்த்துச் சொந்தம் முழுக்கப் படித்தது. யாரோ ஒரு பொடியன், "ஆரப்பாளையம் நாய்கள்" என்று சத்தமாக முடித்துவைத்தான். மேளம் நின்றுவிட்டது.

செல்வக்குமார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் கிடந்த கையிடம் வந்ததும் அவன் பார்வை நின்றது. அந்த வளையல் அவன் வாங்கிக் கொடுத்தது. மெல்ல, பேயாண்டியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

வாழ்நாளில் முதல் முறையாக முனீஸ்வரியே முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் செஞ்..."

"அவ இல்ல" என்றான் செல்வக்குமார். சபைக்கே கேட்கும்படி சொன்னான். "நான்தான் செஞ்சேன். நான்தான் வைக்கச் சொன்னேன். செஞ்ச தப்ப நம்மளே எழுதி வச்சுக்கிட்டாத்தான் சொரணை வரும்னு வச்சேன். என்னங்கய்யா பாக்குறீக? உங்க யாருக்காச்சும் இம்புட்டுத் தைரியம் இருக்கா?"

பெரியாம்பளைகள் சிலர், மெய்தானே என்று தலையாட்டினார்கள்.

"அப்ப கொட்டுனது?" என்றார் பீமாராவ்.

"அதுவும் நான்தான் சார்."

"அபராதம் எழுதணுமே."

"சாப்பிட்டுட்டு எழுதுங்க சார். உங்களுக்குன்னு தனியா சாம்பார் வச்சிருக்கோம்." பிறகு மேளக்காரரைப் பார்த்து அதட்டினான்: "என்னய்யா வேடிக்க? அடிய்யா!"

மேளம் எடுத்தது. மடி இறுகியது. ஊசி இறங்கியதும் பேயாண்டி வீறிட்டு, கைக்கு எட்டிய மாமன் விரலைக் கடித்துத் தொங்கினான். விரலை எடுக்காமல் செல்வக்குமார் தங்கச்சியின் பக்கம் சாய்ந்தான். அவன் கண் சிவந்திருந்தது. இந்த முறை கூலிங் கிளாஸ் இல்லை.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா" என்றான் மெதுவாக, "ரெண்டு சட்ட போட்டுக்கிட்டு வந்திருப்பேன்ல புள்ள."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்புக்கா அழுகைக்கா என்று மதினிக்குத் தெரியவில்லை.

பீமாராவ் இரண்டு முறை சாம்பார் வாங்கி, அபராதத்தையும் எழுதினார். முனீஸ்வரியின் இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. செல்வக்குமார் பெரிய பிளெக்ஸை அவிழ்த்து, வாசகம் இருந்த பகுதியை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு, படத்தைக் கடைக்கு முன்னால் வெயிலுக்குக் கட்டிக்கொண்டான். தோளில் கிடந்த அந்தக் கையை வெட்டவில்லை.

அதற்காக ஆறு சுத்தமாகிவிட்டதா என்றால் இல்லை. முனீஸ்வரியின் துண்டுக்குச் சற்று மேலே ஒரு குழாய் இன்றைக்கும் கறுப்பாக ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கும் ஒரு பிளெக்ஸ் வைக்கலாமென்று அவள் யோசித்தாள். போடுவதற்கு மூஞ்சி கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொபெட் வந்தது. பின்னால் நீல டிரம், சுற்றி நாய்ப்படை. முனீஸ்வரி விசிலை எடுப்பதற்குள் பக்கத்தில் இருந்த பேயாண்டி பிடுங்கி ஊதினான், புதுத் தோடு ஆட ஆட.

"யோவ் மாப்ள, நிப்பாட்டு! கழிவு வண்டிக்காரன நிக்கச் சொல்லிருக்கேன், அதுல கொட்டத்தான் போறேன்" என்று கத்திக்கொண்டே செல்வக்குமார் கரைக்குத் திரும்பாமல் நேராகப் போய்விட்டான்.

நாய்கள் திருப்பத்தில் அப்படியே நின்றன. வண்டியைப் பார்த்தன, ஆற்றைப் பார்த்தன. கடைசியில் ஒத்தக்காதன் மட்டும் மெல்ல நடந்து வந்து, முனீஸ்வரிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தான்.

"என்னைய ஏண்டா பாக்குற?" என்றாள் முனீஸ்வரி, சோற்றுச் சட்டியைத் திறந்தபடி. "போட்டோ எடுக்குறப்ப மட்டும் நல்லாத்தான பல்லக் காட்டுன?"

ஒரு உருண்டை சோற்றை அவன் பக்கம் வைத்தாள்.